மூன்று நாள் நின்ற முகம்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் அறுபது என்றுதான் கூப்பிட்டார்கள். வயது ஐம்பத்திரண்டுதான். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், "சாருக்கு இந்த வருஷமே ரிட்டயர்மென்டா?" என்று பாவமாகக் கேட்பார்கள். "இன்னும் கொஞ்ச நாள் இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். விளக்கிச் சொல்ல அவருக்கு வாய் வராது. வந்தாலும், அதுவரைக்கும் நின்று கேட்க ஆள் இருக்காது.

பெயர் வந்த விதம் இதுதான். கம்ப்யூட்டர் திரையில் நாம் பார்க்கிற படம் சும்மா நிற்பதுபோலத் தெரிகிறது. அது நிற்பதே இல்லை. மேல் ஓரத்தில் ஆரம்பித்து வரி வரியாகக் கீழ் ஓரம் வரைக்கும் வரைந்து முடித்து, மறுபடி மேலே ஏறி முதலிலிருந்து வரைகிறது. ஒரு வினாடிக்கு அறுபது தடவை. கீழே முடித்து மேலே ஏறுகிற அந்த இமைப்பொழுதில்தான் பழைய படத்தை எடுத்துவிட்டுப் புதுப்படத்தை வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் மேல் பாதி புதிது, கீழ் பாதி பழசு என்று கிழித்துத் தைத்த துணிபோல இருக்கும். அதனால் திரை ஒவ்வொரு தடவை மேலே ஏறும்போதும் ஒன்று கூட்டிவைக்க ஒரு கணக்கு உண்டு. படம் காட்டுகிற புரோகிராம் எல்லாம் அந்தக் கணக்கை நம்பித்தான் பிழைக்கிறது. "இந்த எண் வந்ததும் என்னை எழுப்பு" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும்.

அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. பதினேழு வருடமாக அது ஒன்றுதான் வேலை. கம்ப்யூட்டருக்குள் திரையை நடத்துகிற பகுதிக்கு டிரைவர் என்று பெயர். தூரத்து ஊரில் இருந்த அவருடைய அக்கா அதைப் பிடித்துக்கொண்டு, "என் தம்பிக்கு டிரைவர் உத்தியோகம்" என்று தெருவில் சொல்லிவைத்திருந்தாள். "எந்த ரூட்டு?" என்று எதிர்வீட்டம்மா கேட்டதற்கு, "ரூட்டெல்லாம் இல்ல, உக்காந்த இடத்துலயே ஓட்டறான்" என்றாளாம்.

அவருடைய வீடு இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் அவர் பை உட்காரும். டம்ளர் ஜோடியாகத்தான் விற்றார்கள். ஒன்றை இன்னும் காகிதத்திலிருந்து பிரிக்கவில்லை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடம் அவர்தான் கூட இருந்து பார்த்தார். அம்மா கண்ணை மூடிய பிறகு அக்கா ஓர் இடத்தில் பேசிவைத்து அழைத்துப்போனாள். அந்த வீட்டுக்காரர் இவரை நன்றாக உட்காரவைத்து, விசாரித்து, கடைசியில், "மாப்பிள்ளை பின்னால வர்றாரா?" என்று கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் யாரிடமும் வருத்தப்பட்டுக்கொள்ளவில்லை. காலையில் எழுந்ததும் ஜன்னல் பக்கம் நின்று கண்ணை மூடி இரண்டு நிமிடம் கடவுளை நினைப்பார். ஒன்றும் கேட்கமாட்டார். கேட்டுப் பழக்கமில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு கோளாறு வந்தது.

எங்கெங்கோ இருக்கிற கம்ப்யூட்டர்களில் படம் திடீரென்று நின்றுபோனது. கடிகார முள் நகரவில்லை, எதைத் தட்டினாலும் அசைவில்லை. கடைசியாக என்ன தெரிந்ததோ அதுவே தெரிந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிவிடும். மாதத்துக்குப் பத்துப் பேர், இருபது பேர் எழுதினார்கள். என்ன செய்தபோது நின்றது என்று கேட்டால், ஒருவர் தவறாமல் எல்லோரும், "நான் ஒண்ணுமே செய்யலை" என்றார்கள்.

கோளாறு அவருடைய கணக்கில்தான் என்பது மட்டும் தெரிந்தது. ஏன், எப்போது என்பது தெரியவில்லை.

அந்தக் கணக்கில் அவர் பெருமைப்படுகிற விஷயம் ஒன்று இருந்தது. அதற்குத் தூங்கத் தெரியும். கணக்குக் கேட்க யாரும் இல்லையென்றால் ஐந்து வினாடி பார்த்துவிட்டுக் கண் அசரும். அதனால் பேட்டரி மிச்சம். எழுந்ததும், திரையோடு ஒட்டியிருக்கிற சின்ன மீட்டரைப் பார்த்து, தூங்கின நேரத்தில் எத்தனை போயிற்று என்று கூட்டிக்கொள்ளும். ஒன்றுகூட விடாது. தான் பார்க்காத நேரத்தில் நடந்ததையும் கணக்கில் வைத்துக்கொள்கிற அந்த குணத்தை அவர் மனதுக்குள் வணங்கினார் என்றே சொல்லலாம்.

மேனேஜர் அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். மரியாதை தெரிந்த பெண். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"சார், மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள காரணம் கிடைக்கலைன்னா உங்க பகுதியை எடுத்துட்டு, தூங்காம எண்ற மாதிரி சாதாரணமா ஒண்ணு போட்டுடலாம்."

"தூங்காம எண்ணினா பேட்டரி சீக்கிரம் தீந்துடும் மேடம்."

"தெரியும் சார். படம் நிக்காதில்ல?"

அவர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப எனக்கு?"

"கையேடு எழுதற பிரிவுல ஆள் கேட்டிருக்காங்க. நல்ல ஆளுங்க சார். சத்தமில்லாத இடம்."

சத்தமில்லாத இடம் அவரிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது.  வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பதினேழு வருடத்தில் அவர் கையால் செய்தது என்று உலகத்தில் இருந்தது அந்தக் கணக்கு ஒன்றுதான். மாதம் முடிய இரண்டரை வாரம் இருந்தது.

பக்கத்து மேஜைக்காரர் சோதனை பார்க்கிறவர். அவருக்குச் சந்தேகம் என்று பெயர். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடி இழுப்பார். அப்படிப்பட்ட ஆளிடமே இந்தக் கோளாறு அகப்படவில்லை. லேப்டாப் மூடியை நானூறு தடவை மூடித் திறந்து பார்த்துவிட்டார்.

"அண்ணே, என்னைப் பாத்தா அது வெக்கப்படுது. நீங்க ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்க."

"கூப்பிட்டாச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணுமே செய்யலைன்னுது."

சந்தேகம் விழுந்து விழுந்து சிரித்தார். அறுபது பேசியதே அபூர்வம், இதில் நகைச்சுவை வேறு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றால் அவருக்கு அக்கா. பஸ்ஸில் ஏழு மணி நேரம் போனால் அவள் ஊர். அத்தான் இறந்து ஆறு வருடம். பெண் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அவர் போய்வருவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் பழைய லேப்டாப்பை எடுத்துப்போய் அவள் வீட்டு மூலை மேஜைமேல் வைத்து, முகம் பார்த்துப் பேசுவதற்குச் சொல்லிக்கொடுத்தார். திரை தானாக இருட்டிப்போனால் அவள் பயந்துபோவாள் என்று, இருட்டாதபடி மாற்றிவைத்தார். அதற்குப் பிறகு அவர் போகவே இல்லை. முகத்தைத்தான் பார்க்கிறோமே என்று ஆகிவிட்டது.

அக்கா கடிகாரம் பத்து அடிக்கும்போது மூடியைத் திறப்பாள். ஒரு நிமிடம் முன்னால் இல்லை, பின்னால் இல்லை. அவர் அந்த அடியிலேயே கூப்பிடுவார்.

"சாப்பிட்டியா?"

"ம்."

"என்ன சாப்பிட்டே?"

"ஏதோ."

"வாயில என்னடா, பூட்டா? சாவி எங்க வச்சே?"

வழக்கமாக இருபது நிமிடம் அவள்தான் பேசுவாள். அன்றைக்கு அவர் முகம் சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். விடாமல் கேட்டாள். அவரும் சொன்னார். வேலை மாறப்போகிறது போல, படம் நின்றுபோகிறது, காரணம் தெரியவில்லை என்று சொன்னார்.

"நின்னுபோகுதுன்னா எப்படி?"

"கடைசியா என்ன இருந்துதோ அது அப்படியே இருக்கும். அசையாது."

அக்கா புடவைத் தலைப்பால் திரையின் ஓரத்தைத் துடைத்தாள். அவருக்கு அது தன் காதைத் துடைப்பதுபோலத் தெரிந்தது.

"அது தப்பா?" என்றாள்.

"தப்புதான். ஏன்?"

"இங்க நிக்குமே. தப்புன்னு நீ சொல்லவே இல்லையே."

"எங்கக்கா நிக்கும்?"

"இதுலதான். நீ பேசி முடிச்ச பிறகு. எல்லா வாரமும் இல்ல. இதுவரைக்கும் நாலு தடவை. நீ போனை வைக்கக் குனிவே பாரு, அந்த முகம். அப்படியே இருக்கும்."

"ஆஃப் பண்ணலையா நீ?"

"எதுக்கு ஆஃப் பண்ணணும்? நீ பாட்டுக்கு இருந்தே. ஒரு தொந்தரவும் இல்ல."

"அது நான் இல்லக்கா. படம்."

"படம்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன புத்தி பேதலிச்சவளா? உங்க அத்தான் படம்கூடத்தான் செவுத்துல இருக்கு. அதுக்கு யாரும் தப்புன்னு சொல்லலையே."

அத்தான் படம் தெரிகிறதா என்று அவர் திரையில் தேடினார். ஆனால் பதினேழு வருடப் பழக்கம் வேறொரு பக்கம் இழுத்தது. உலகம் முழுக்க எல்லோரும் திரை நின்ற உடனே ஆஃப் செய்துவிட்டார்கள். அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று பார்த்த ஒரே ஆள் இவள்.

"எவ்வளவு நேரம் இருந்துது?"

"புதன்கிழமை வரைக்கும்."

"புதன்கிழமை எத்தனை மணிக்கு?"

"மூணு நாப்பது. எதிர்வீட்டுப் பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரம். நாலு தடவையும் அதே நேரம்தான். பஸ் பிடிக்கறவன் மாதிரி டான்னு கிளம்பிடுவே. எத்தனை நேரம் பேசினாலும் சரி, பேசலைன்னாலும் சரி."

அவர் ஒரு காகிதத்தை இழுத்தார். அவள் மூடியைத் திறந்து திரை ஓட ஆரம்பிக்கிற ஞாயிறு பத்து மணியிலிருந்து புதன் மூன்று நாற்பது. மூன்று நாள், ஐந்து மணி, நாற்பது நிமிடம். வினாடியாக்கினால் இரண்டு லட்சத்து எழுபத்தொன்பதாயிரத்து அறுநூறு. அதை அறுபதால் பெருக்கினார். ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து எழுபத்தாறாயிரம்.

மற்றவர்களுக்கு வீட்டு எண் மனப்பாடமாக இருப்பதுபோல அவருக்கு ஒரு எண் மனப்பாடம். திரையோடு ஒட்டிய மீட்டர் எவ்வளவு தூரம் ஓடும் என்கிற எண். வண்டியில் கிலோமீட்டர் மீட்டர் கடைசி வரை ஓடிப் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அதுபோல இதுவும் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்து எழுபத்தேழாயிரத்து இருநூற்றுப் பதினாறோடு ஒரு சுற்று முடித்துப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அவர் போட்ட கணக்குக்கும் இதற்கும் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். அதாவது இருபது வினாடி. அக்கா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன கணக்கில் இருபது வினாடிதான் குறைந்தது.

"அக்கா, நான் போயிட்டு வரேன்னு சொன்ன பிறகு நீ என்ன செய்வே? ஒண்ணு விடாம சொல்லு."

"மூடுவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"அப்புறம் என்ன செய்வே?"

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். "திறப்பேன்."

"எதுக்கு?"

"போயிட்டியான்னு பாக்க. வீட்டுக்கு வந்த ஆள் கிளம்பினா கதவைச் சாத்திட்டு மறுபடி திறந்து, தெருக்கோடி வரைக்கும் பாக்கறதில்லையா? அது மாதிரி."

"மூடி எவ்வளவு நேரத்துல திறப்பே?"

"உடனேதான். லேட்டா திறந்தா நீ போயிருப்பியே."

திங்கட்கிழமை அவர் வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய்விட்டார். சந்தேகம் வந்ததும் அவரைப் பையை வைக்கக்கூட விடவில்லை.

"நீங்க மூடியை மூடினா எவ்வளவு நேரம் கழிச்சுத் திறப்பீங்க?"

"பத்து எண்ணிட்டுத்தான். தாள்ல அப்படித்தானே போட்டிருக்கு."

சோதனைத் தாளின் பதினான்காவது வரி: மூடியை மூடவும். பத்து வரை எண்ணவும். திறக்கவும். பல வருடத்துக்கு முன்னால் அதை எழுதியது அறுபதுதான். கணக்கு நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்து எழுதினார். சந்தேகம் நானூறு தடவையும் ஒழுங்காகப் பத்து எண்ணியிருக்கிறார். ஐந்துக்குள் ஒருவரும் திறந்து பார்க்கவே இல்லை.

ஒரு படத்தை ஓடவிட்டு, மூடினார்கள். உடனே திறந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி. மறுபடி. இருபத்தாறாவது தடவை படத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார்.

"அண்ணே," என்று சந்தேகம் மெதுவாகச் சொன்னார், "நம்ம வாசல்லயேதான் உக்காந்திருக்கு."

நடந்தது இவ்வளவுதான். மூடியை மூடியதும் திரைக்கு மின்சாரம் போய்விடுகிறது, மீட்டர் பூஜ்யமாகிவிடுகிறது. ஐந்து வினாடிக்குள் திறந்தால் கணக்கு தூங்கவே இல்லை, அதனால் மீட்டர் அணைந்ததே அதற்குத் தெரியாது. எண் சின்னதாக இருப்பதைப் பார்த்து, மீட்டர் முழுச் சுற்றும் ஓடிவிட்டது என்று நினைத்து ஒன்றரைக் கோடிக்கு மேல் கூட்டிவிடுகிறது. ஒரு கணம்தான். உடனே கடிகாரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். அதையும் அவர் எழுதிவைத்திருந்தார். ஆனால் அந்த ஒரு கணத்தில் படம் காட்டுகிற புரோகிராம் வந்து எண் கேட்டுவிட்டால் போச்சு. தவறான எண்ணை வாங்கிக்கொண்டு, "அதுக்கு அடுத்த எண்ணில் எழுப்பு" என்று படுத்துவிடும். அந்த எண் வர மூன்று நாள் ஆகும். அதுவரைக்கும் பாவம், சொன்ன சொல்லை நம்பிக் காத்துக்கொண்டே இருக்கும்.

மேனேஜரிடம் போய் அவர் முதலில் சொன்னது, "தாள் எழுதினது நான்தான் மேடம். தப்பு என்னோடது" என்பது.

"அது இருக்கட்டும் சார். யார் கண்டுபிடிச்சது?"

"எங்க அக்கா."

"அவங்க எந்தக் கம்பெனி?"

"வீட்டுலதான் இருக்காங்க."

மேனேஜர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்காமல், "அப்ப அவங்க பேரையே போடுங்க" என்றார். படிவத்தில் கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவர் அக்கா என்று எழுதினார். ஊழியர் எண் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டார்.

திருத்தம் இரண்டே வரி. மூடி அசைந்தாலே மீட்டரை நம்பாதே என்று. ஆனால் கோளாறை முடித்து மூட, நின்ற படம் சொன்ன நேரத்தில் தானாக விலகுகிறது என்று ஒருவர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். அலுவலகத்தில் மாலை ஆறு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். அது கட்டட விதி. அவர் அறையிலோ மின்சாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து போகும்.

"அக்கா வீட்டுல பாத்து எழுதறேன் மேடம். நாலு நாள் லீவு வேணும்."

பதினேழு வருடத்தில் அவர் வாய்விட்டுக் கேட்ட முதல் லீவு அது.

புதன்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தார். அக்கா இளைத்திருந்தாள். திரையில் பார்த்தபோது இது தெரியவில்லை. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். அவர் மூலையில் வைத்துவிட்டுப் போன லேப்டாப் இப்போது சாப்பாட்டு மேஜையில், அவள் தட்டுக்கு எதிரே இருந்தது.

"இது ஏன் இங்க வந்துது?"

"இங்கதான் நல்ல வெளிச்சம்."

ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை. 

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் பின்கட்டு அறையில் போனோடு உட்கார்ந்துகொண்டார். அக்கா மேஜையில். அவர் கூப்பிட்டு, "போயிட்டு வரேன்க்கா" என்பார். அவள் மூடி, திறப்பாள். நிற்காது. மறுபடி கூப்பிடுவார்.

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு இப்படிப் பேசற குடும்பம் நம்மளோடதாத்தான் இருக்கும்" என்றாள் அக்கா. அவள் குரல் போனில் ஒரு தடவையும் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு தடவையும் கேட்டது.

பதினோரு தடவை போயிட்டு வரேன் சொன்னார். பதினொன்றாவது தடவை, பத்தரை மணிக்கு, நின்றது. வெளியே வந்து பார்த்தார். குனிந்த தலை, பாதி மூடிய கண், எதையோ தேடுகிற மாதிரி ஒரு முகம். நான் இப்படியா இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை நாலு பத்து வரைக்கும் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

முதல் நாள் சாப்பிடும்போது, "இன்னிக்கு உப்பு கம்மியாப் போச்சு" என்று அக்கா திரையைப் பார்த்துச் சொன்னாள். சொன்ன பிறகுதான் பக்கத்தில் தம்பி இருப்பது ஞாபகம் வந்தது. வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"பழக்கம்."

"இங்க நான் இருக்கேனேக்கா."

"இருக்கே. ஆனா நீ தட்டைப் பாத்துக்கிட்டு இருக்கே. அவன் என்னைப் பாத்துக்கிட்டு இருக்கான்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.  குழாய் சொட்டியது, எழுந்துபோய் அதைச் சரிசெய்தார். அடுத்த நாள் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டார். கை வேலை செய்யும்போது வாய் கொஞ்சம் திறந்தது. சந்தேகத்தைப் பற்றி, மேனேஜரைப் பற்றி, பையை உட்காரவைக்கிற நாற்காலியைப் பற்றிக்கூடச் சொன்னார். சனிக்கிழமை ஜன்னல் கொக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "கால் ஏன் இழுக்குது?" என்று கேட்டார்.

"அதான் விழுந்தேனே. குளிக்கற இடத்துல."

"எப்ப?"

"உன்கிட்ட சொன்னேனேடா."

"எங்கிட்ட எப்பக்கா சொன்னே?"

அக்கா திரையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "மூணாவது தடவை நீ நின்னியே, அப்ப. செவ்வாய்க்கிழமை காலையில விழுந்தேன். எழுந்து வந்து உன்கிட்டதான் சொன்னேன். ஞாயித்துக்கிழமை நீ மறுபடி கூப்பிட்டப்போ, ஒரு தடவை சொன்னதை எதுக்கு இன்னொரு தடவை சொல்லணும்னு விட்டுட்டேன்."

அவர் எண்ணெய்க் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் தரையில் கிடந்தது எத்தனை நேரம் என்று கேட்டார்.  "ஆண்டவன் எழுப்பி விட்டான், விடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணியிலிருந்து இருவரும் மேஜைமுன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கையில் கடிகாரம், மடியில் நோட்டு. நாலு பத்துக்கு அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இருபது வினாடி போனதும் முகம் ஒரு துள்ளு துள்ளி மறைந்தது. திரையின் மூலையில் நின்றிருந்த கடிகாரம் மூன்று நாளை ஒரே தாவலில் தாண்டியது.

"கிளம்பிட்டான்" என்றாள் அக்கா.

அவர் நேரத்தை எழுதிக்கொண்டார். பிறகு திருத்தத்தைப் போட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இப்ப மூடித் திற" என்றார். அவள் மூடினாள், திறந்தாள். பத்துப் பன்னிரண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் திரை சுத்தமாக, வெறுமையாக வந்தது.

"இனிமே நிக்காதா?"

"நிக்காது."

"உன் வேலை போகாதில்ல?"

"போகாது. மேனேஜர் காலையிலயே போன்ல எழுதியிருந்தாங்க. நான் பாத்து எழுதிட்டா அந்தப் பகுதி இருக்கும், நானும் இருப்பேன்."

"அது போதும்" என்று எழுந்து, தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கழுவின தட்டையே அவள் மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டது.

ஐந்தரை மணிக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "போயிட்டு வரேன்க்கா" என்றார். இதோடு பன்னிரண்டு தடவை ஆயிற்று. அவர் தெருவில் இறங்கி நடந்தார். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எப்போதும் திரும்பிப் பார்க்காமல் போகிறவர், அன்றைக்குத் தெருமுனையில் நின்று திரும்பினார். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

மூன்று எண்ணுவதற்குள் கதவு திறந்தது. அக்கா வந்து நின்றாள். கண்ணுக்கு மேலே கையை வைத்துத் தெருவைப் பார்த்தாள். அவர் கையைத் தூக்கினார். அவள் முகம் மாறவில்லை. அவ்வளவு தூரம் அவளுக்குக் கண் எட்டவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடமும் அவள் கதவைத் திறந்து பார்த்தது வெறும் தெருவைத்தான்.

கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அவர் நின்ற இடத்திலேயே பத்து வரை எண்ணினார். திறக்கவில்லை.

பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே நடந்துபோய்க் கதவைத் தட்டினார்.

அக்கா திறந்தாள். கண் சிவந்திருந்தது. "எதை மறந்தே?" என்றாள்.